பத்தடி இடம்

பகலவனுக்கு அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது. விம்கோ நகர் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், ஐம்பது தாண்டினால் சேர்க்க மாட்டார்களாம். ஒரிஜினல் லைசென்ஸோடு இன்று நாலு மணிக்குள் போய் ஓட்டிக் காட்ட வேண்டும். காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலை. இருபத்திரண்டு வருடம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிய மனிதருக்கு, தினமும் சொந்த வீட்டில் தூங்குவது என்பதே நம்ப முடியாத சங்கதி.

இப்போது மணி மூணே கால். கிடங்கு நடக்கிற தூரம்தான், இருபது நிமிடம் பிடிக்கும். ஆனால் பகலவன் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார், நேற்று மத்தியானத்திலிருந்து. இடப்பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, வலப்பக்கம் ரோடு, முன்னால் துறைமுக கேட் வரைக்கும் வண்டிகள்.

முன் வண்டியின் பின்பக்கத்தில் மழையில் பாதி அழிந்த எழுத்து. அதற்கும் இவருடைய பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். எல்லாரும் அப்படித்தான் ஒட்டி நிறுத்துவார்கள். பத்தடி இடம் விட்டால் போதும், பக்கத்தில் காத்திருக்கும் வண்டி மூக்கை நுழைத்துவிடும். பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரு இடம் பின்தங்குவார்கள், இடம் விட்டவனை இறக்கி உதைப்பார்கள். ஆளுக்குப் பத்தடி விட்டால் எல்லாருமே தாராளமாக வண்டியைத் திருப்பலாம், இறங்கி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டும் வரலாம். இது எல்லாருக்கும் தெரியும். முதலில் யார் விடுவது என்பதுதான் தெரியாது.

பிளஸ் டூ படிக்கும் மகள் ஷாலு போன வாரம் இதற்கு ஒரு பேர் சொன்னாள்.

"சமநிலைப்பா. தனியா ஒர்த்தர் மாறுனா அவருக்குத்தான் நஷ்டம். அதனால ஒர்த்தரும் மாற மாட்டாங்க. எகனாமிக்ஸ்ல கீது."

"அப்போ எங்க லைன போட்டோ புடிச்சி உங்க புக்ல போடச் சொல்லு."

"சயின்ஸ்லயும் கீதுப்பா. ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இழுத்தா பொருள் அப்படியே நிக்கும். நிக்குதேன்னு அது சும்மா கீதுன்னு நெனச்சிடக் கூடாது, ரெண்டு பக்கமும் இழுத்துகினேதான் கீது."

பகலவன் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. கிரேன் கம்பியில் தொங்கும் கன்டெய்னரை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். எவ்வளவு அமைதியாகத் தொங்கும்! மஸ்கட் வேலைக்குப் போக மெடிக்கல் டெஸ்ட் வரை முடித்த வாரத்தில்தான் ஷாலு பிறந்தாள். ஆட்டோ வாங்கலாம் என்று நினைத்த வருடம் அப்பா படுத்த படுக்கையானார். பார்க்கிறவர்கள், பகலவன் அலட்டிக்காத ஆளு, ஒரே வேலையில் நிலையா கீறாரு என்பார்கள்.

முன் வண்டி பாரியுடையது. புளியந்தோப்புக்காரன். பின் வண்டி ஆன்றோ, தூத்துக்குடிப் பக்கம். பகலவன் இறங்கி இருவரிடமும் விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா மாமு, இத்த காலீலயே சொல்றதில்ல?" என்றான் பாரி. "போ. லைன் நகந்தாலும் நான் நகர மாட்டேன். முன்னால கேப் விழுந்தா நட்டநடு ரோட்ல குந்திக்கறேன். என் மேல ஏத்திகினு போவட்டும்."

"உன்ன நம்பலாமா?"

"மாமு, நம்பலன்னா இங்கியே நில்லு. எனக்கு இன்னா வந்துது?"

ஆன்றோ பின்னால் நாலு வண்டிக்காரர்களிடம் பேசிவிட்டு வந்தான். "ஒரு மணி நேரம் ஒருத்தனும் வண்டிய அசைக்க மாட்டான், அண்ணாச்சி. எல்லாரையும் கீழ எறக்கி நிழல்ல உக்கார வச்சிருக்கேன். நாளைக்கு எங்கள்ல ஒருத்தனுக்கு இதே மாதிரி வேணும்லா? போயிட்டு வாங்க."

இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு ஒப்பந்தத்தை பகலவன் பார்த்ததில்லை. லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்து, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.

சந்துக்குள் நூறடி போயிருப்பார். நடை இலேசாக இருந்தது. வெறுங்கையோடு பகலில் நடந்து எத்தனை நாள் ஆயிற்று!

பின்னாலிருந்து சத்தம் வந்தது. புஸ்ஸ்ஸ்.

லாரிக்காரன் காதுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பிரேக்கிலிருந்து காற்றை விடுகிறான், வண்டி கிளம்பப் போகிறது. பாரி நகர்கிறான். பத்தடி விழுந்துவிட்டது. எவனோ நுழைகிறான். கன்டெய்னர் கப்பலைத் தவறவிடும், கிடங்கு வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, கையிலிருக்கும் வேலை இன்றே போய்விடும். யோசித்து முடிப்பதற்குள் கால்கள் திரும்பி ஓடத் தொடங்கியிருந்தன.

மூச்சிரைக்க வந்து பார்த்தால், பாரி தன் வண்டிக்கு முன்னால் ரோட்டில் சம்மணம் போட்டு, தலையில் துண்டோடு கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தான். ஆன்றோ தன் வண்டிக்கு அடியில் குனிந்து, ஏர் டேங்க் வால்வைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தான். புஸ்ஸ்ஸ்.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள முடிஞ்சிட்டா? சும்மா நிக்கோமே, தண்ணியாவது எடுத்து விடுவோம்னு..."



அதற்குள் நிழலில் இருந்த நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். பகலவன் தலைதெறிக்க ஓடி வருவதை அவர்களும் பார்த்தார்களே! கேட் திறந்துவிட்டது என்று நினைத்து ஆளுக்கொரு வண்டியில் தாவி ஏறி எஞ்சினைக் கிளப்பினார்கள். அதைக் கேட்டு அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் கிளப்பினார்கள். ஹாரன் அலறியது.

"யோவ், ஒண்ணுமில்லய்யா! எறங்குங்க!" என்று பாரி கத்தினான். ஒருவரும் இறங்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து வண்டிக்காரன் இறங்குகிறானா என்று பார்த்தார்கள்.

"மாமு, இன்னும் டைம் கீது, ஓடு. நான் குந்திகினுதான் இருப்பேன்."

மணி மூணு முப்பத்தைந்து. ஓடினால் போய்ச் சேரலாம். பகலவன் பாரியைப் பார்த்தார். அவன் பொய் சொல்லவில்லை என்று இப்போது கண்ணாலேயே பார்த்தாயிற்று. பின்னால் உறுமும் வண்டிகளைப் பார்த்தார். ஆன்றோ நடுவில் கை விரித்து நின்றான், ஆனால் அவனும் அடிக்கடி தன் வண்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பகலவன் கேபினில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைப் போட்டார். போக எங்கும் இடமில்லை. இருந்தாலும் கால் கிளட்ச் மேலேயே இருந்தது.

நாலேகாலுக்கு மனைவி ரமாபாய் போன் செய்தாள். "இன்னாய்யா ஆச்சி? ஓட்டிக் காட்னியா?"

முன் வண்டியின் அழிந்த எழுத்து அதே இடத்தில் இருந்தது.

"லைன் நகந்துடுச்சி ரமா. வுட்டுட்டு வர முடில."



"செரி வுடு," என்றாள். "நகந்துதுல்ல, அதுவே போதும். அப்போ இன்னிக்கி வூட்டுக்கு வந்துடுவதான?"