செய்விக்காத பயிற்சி

என்னை நினைத்து எனக்கே குமட்டிய நாள் அது.

திருகோணமலைத் துறைமுகக் குடாவில் நீர்ச்சறுக்குப் பழக்குவது என் தொழில். காலில் பலகைகளோடு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரின் மேல் சறுக்க வேண்டும். அதற்குமுன் கால் மணி நேரம் குந்தி எழும்பி முழங்காலைப் பழக்க வேண்டும் என்பது எங்கள் கண்டிப்பான விதி. அன்று காற்று எழும்புமுன் முடித்துவிடும் அவசரம் எனக்கு. பழக வந்தவர்களை முகநூலுக்குப் படம் எடுக்க மட்டும் இரண்டு தரம் குந்த வைத்தேன்.

“இவ்வளவும் போதுமோ தம்பி?” என்று கேட்டார் அவர்களில் ஒருவரான, தோப்பூரில் வயல் செய்யும் ஓர் அக்கா.

“வயலில நிண்ட காலுக்கு இதுவே அதிகம், அக்கா,” என்று சிரித்தேன்.

முதல் இழுப்பிலேயே அவருடைய முழங்கால் பிசகியது. கரைக்குத் தூக்கி வந்து கிடத்தியபோது வீங்கத் தொடங்கியிருந்தது. முதலாளி ஓடி வந்தார்.

“பயிற்சி முழுக்கச் செய்விச்சனீயோ?”

நான் வாய் திறக்குமுன் அந்த அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி சொன்னவர். நான்தான் ஏலாது எண்டு விட்டனான்.”

முதலாளி என்னைப் பார்த்தார்.

“ஓம்,” என்றேன்.

வேலை தப்பியது. இப்போது முழுப் பயிற்சியும் செய்யாத எவரையும் நான் படகுக்குக் கிட்ட விடுவதில்லை. “நீங்கள் சரியான கவனம்,” என்று வருகிறவர்கள் புகழ்கிறார்கள். அதற்கும் அதே வாயால் “ஓம்” என்றுதான் சொல்கிறேன்.