கொம்பையாவின் நான்கு மாடி

மந்திரமூர்த்தி விமானப் படையில் சேர முடியாமல் போனதற்குக் காரணம் அவருடைய பாதம். இருபது வயதில் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனவரைத் தட்டைப் பாதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வானத்துக்கு நடந்தே போகப்போகிற ஆளைச் சோதிப்பதுபோல் காலைத் தடவித் தடவிப் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார். இப்போது வயது நாற்பத்து மூன்று. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில், கீழப்பொட்டலுக்குப் பாதை பிரிகிற விலக்கில் இ-சேவை மையம் வைத்திருக்கிறார். பிறந்தவர்களுக்கு ஒரு சான்று, செத்தவர்களுக்கு ஒரு சான்று, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பதினேழு சான்று. விமானத்தில் ஏறியதில்லை. மைத்துனன் இசக்கிதுரையை வழியனுப்ப வாகைக்குளம் விமான நிலையம் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டியதோடு சரி.

அந்த இசக்கிதுரை சென்னையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை இவருக்கு அனுப்பி வைத்தான். பழையதற்குள் ஒரு விமானம் இருந்தது. ஃப்ளைட் சிமுலேட்டர். பைலட் வேலைக்குப் படிக்கிறவர்கள்கூட இதில் பழகிப் பார்ப்பார்களாம். செயற்கைக்கோள் படங்களை ஒட்டி உலகம் முழுவதையும் திரைக்குள் விரித்து வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய நகரங்களில் ஜன்னல் ஜன்னலாக உழைத்திருக்கிறார்கள். கீழப்பொட்டலுக்கு வந்து சேரும்போது அவர்களுக்கு அலுத்துப் போயிருக்க வேண்டும். பழைய படம் ஒன்றைத் தரையில் ஒட்டிவிட்டு, மிச்சத்தை இயந்திரமே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இயந்திரமும் ஊகித்தது.

மதியம் ஆள் வராத ஒரு மணி நேரத்தில் மந்திரமூர்த்தி வாகைக்குளத்தில் கிளம்புவார். மற்றவர்கள் இமயமலைக்குப் போவார்கள். இவர் மணியாச்சி வழியாக ஊருக்குத் திரும்புவார், டவுன் பஸ் மாதிரி. மணியாச்சியில் தண்டவாளங்கள் பிரிகிற இடம் அச்சு அசலாக இருந்தது, ரயில்தான் இல்லை. குளத்தூர்ப் பக்கம் உப்பளப் பாத்திகளின்மேல் வரிசையாகக் கட்டடங்கள் நின்றன. ஊரை நெருங்க நெருங்கக் கூத்து கூடியது. உழுதுபோட்ட கரிசலில் அலை அடித்தது. சீமைக்கருவேலம் மண்டிய பொட்டலில், பனி பெய்கிற தேசத்து மரங்கள் ஓங்கி நின்றன. அந்த முள்ளுக்கு இதுவரை கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

பத்து நாள் பறந்ததில் இயந்திரத்தின் மூளை இவருக்குப் பிடிபட்டுவிட்டது. கறுப்பாக இருந்தால் தண்ணீர். பச்சையாக இருந்தால் வனம். சதுரமாக இருந்தால் வீடு. இந்த மூன்றையும் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த பக்கங்களில் ஊரில் உள்ளதையும் திரையில் உள்ளதையும் எதிரெதிரே குறித்து வந்தார்.

சிட்டா எடுக்க வந்த இசக்கிபாண்டி தன் நிலத்தைத் திரையில் பார்த்தார். மூன்று வருடம் மழை ஏமாற்றிய மானாவாரி அது. இந்தப் பக்கம் நிலத்தைக் காடு என்பதுதான் வழக்கம்.

“ஏலே மந்திரம், எங்க காட்டுல அலை அடிக்குதுடே. மீன்பாசிக் குத்தகைக்கு விட்டுருவமா?”

“விடலாம் மாமா. அதுக்கும் ஒரு சான்று வேணும்.”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த கடைக்குத்தான் ஒரு நாள் வெள்ளைத்தாய் வந்தார்.

வெள்ளைத்தாய்க்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். சரியான வயது ஆதாருக்கும் தெரியாது. அவரும் கணவர் கொம்பையாவும் கிடை போடுகிறவர்கள். அறுவடை முடிந்த காட்டில் வலை கட்டிச் சதுரமாக அடைத்து, ராத்திரி ஆடுகளை அதற்குள் படுக்கவிடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ஐந்தாறு நாளில் கிடை அடுத்த காட்டுக்கு நகரும், கூடவே அவர்களும். இருபத்திரண்டு வருடமாகக் கீழப்பொட்டல் காடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள். அந்த ஊரில் அவர்கள் உரம் படாமல் ஒரு பருத்திச் செடி முளைத்ததில்லை. ஆனாலும் ஊருக்குள் அவர்கள் இல்லை. ரேஷன் கார்டு, எப்போதோ விட்டுவந்த வேறொரு ஊரின் பேரில் இருந்தது. அந்த ஊரில் அவர்களுக்கு இப்போது சுவர் என்று ஒன்றும் கிடையாது.

இரண்டு வருடம் முன்னால் கொம்பையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடைக்குள்ளேயே விழுந்து செத்தார். சுடுகாட்டுக்கு எடுத்துப் போனபோது வாசலில் நிறுத்தி, எந்த ஊர் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அவருக்குப் பீடி கொடுத்து வாங்கியவர்கள்தாம். ஊர் வரி கட்டாத ஆளை ஊர்ச் சுடுகாட்டில் வைத்தால் நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடும் என்றார்கள். கடைசியில் ஓடைக்கரையில், முள்ளை வெட்டி ஒதுக்கிப் புதைத்தார்கள்.

வீடில்லாதவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வெள்ளைத்தாய் வந்திருந்தார். பட்டாவுக்கு மனுக் கொடுக்க, பத்து வருடமாக இதே ஊரில் குடியிருப்பதற்கு ஆதாரம் வேண்டும். மந்திரமூர்த்தி அதைச் சொன்னார். கிடைக்காரிக்கு ஏது ஆதாரம்? ஐந்து நாளைக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் ஆடே கோபித்துக்கொள்ளும்.

“வீடு கெட்டணும்னு கேக்கல தம்பி,” என்றார் வெள்ளைத்தாய். “கெட்டுததுக்கு எனக்கு ஆரு இருக்கா? நாளைக்கு நான் செத்தா எந்த ஊருன்னு கேப்பாவல்லா. சொல்லுததுக்கு ஒரு ஊரு வேணும். அம்புட்டுத்தான்.”

மந்திரமூர்த்திக்கு அப்போதுதான் தரையில் ஒட்டிய பழைய படம் நினைவுக்கு வந்தது; அதில் கிடை விழுந்திருக்கலாம். முதலில் இணைய வரைபடத்தில் தேடினார். அங்கே இருந்தது புதுப் படம். அந்த ஊர் விவசாயி செண்பகராஜின் காட்டில்தான் கொம்பையா வருடம் தவறாமல் கிடை போட்டது; அந்தக் காடு வெறுமையாகக் கிடந்தது. பிறகு விமானத்தைக் கிளப்பினார்.   மேலே போய், வளைந்து இறங்கினார்.

காட்டின் நட்ட நடுவில், சுற்றிலும் ஏரி தளும்ப, நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. தட்டைக் கூரை. வரிசையாக ஜன்னல்கள்.

சதுரமாக இருந்தால் வீடு. கிடையைப் பார்த்த இயந்திரம் அதன்மேல் வீட்டை எழுப்பியிருந்தது. வாழ்நாள் முழுக்கத் தார்ப்பாய்க்குக் கீழே படுத்த மனுசனுக்கு, எந்தத் திட்டத்திலும் சேராமல், எவர் கையெழுத்தும் இல்லாமல் நான்கு மாடி.

விஷயத்தை அவர் எடுத்துச் சொன்னதும் வெள்ளைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “மேல் மாடியில ஆட்ட ஏத்திருக்கானா?” என்று கேட்டார்.

மந்திரமூர்த்தி விமானத்தை மூவாயிரம் அடிக்கு ஏற்றி, நேர் கீழே பார்க்கிற மாதிரி வைத்தார். அங்கிருந்து மாடியும் ஜன்னலும் தெரியவில்லை. கூரையின்மேல் அப்பிக் கிடந்த பழைய படம்தான் தெரிந்தது. வலை அடைத்த சதுரம். உள்ளே புழுக்கை படிந்த கறுப்பு. மூலையில் மூன்று வெள்ளைப் பொட்டு, குட்டிகள்மேல் கவிழ்த்து அடைக்கிற கூடைகளான குடாப்புகள். ஆடு ஒன்றுகூட இல்லை.

வெள்ளைத்தாய் திரைக்குப் பக்கத்தில் வந்தார். குடாப்பு மூன்று இருந்தால் அது ஒரே மகளும் பேரப் பிள்ளையும் பிரசவத்தில் செத்த வருசம் என்றார். அந்த வருசம் குட்டிகள் நிறைய.

“ஆடு மேயப் போயிருக்கு. அவிய பின்னாலயே போயிருப்பாவ. நான் ஓடையில தண்ணி எடுத்துக்கிட்டு நிப்பேன்.” விரலால் திரையைத் தொட்டு, “நீ இதுல காலம்பற, சாயங்காலம்னு மாத்துவியாமே. இசக்கிபாண்டி சொன்னான்,” என்றார்.

“மாத்தலாம் யக்கா.”

“அஞ்சு மணிக்கு வையி. அஞ்சு மணிக்கு ஆடு திரும்பிரும்.”

 படம் எடுத்த நாள் வேறு, இயந்திரம் காட்டுகிற வெளிச்சம் வேறு என்பதைச் சொல்லாமலே மந்திரமூர்த்தி நேரத்தை ஐந்து மணிக்கு வைத்தார். காடு முழுக்க மஞ்சள் வெயில் விழுந்தது. ஏரி மின்னியது. ஆடு வரவில்லை. ஆள் வரவில்லை. வெள்ளைத்தாய் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, இதையே படம் எடுத்து வைக்கச் சொன்னார்.

மந்திரமூர்த்தி அச்செடுத்தார். சிவப்புப் பேனாவால் கிடையைச் சுற்றி வட்டம் போட்டார். ‘மனுதாரர் குடும்பம் குடியிருந்த இடம்’ என்று பக்கத்தில் எழுதினார். மனுவோடு சேர்த்து அனுப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, விமானத்தால் ஒரு ஆளுக்குப் பிரயோஜனம் என்று அன்றைக்குச் சாயங்காலம் மனைவி உமாதேவியிடம் சொல்லியிருக்கிறார்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. நமது அலுவலகங்களில் எவரும் எதையும் ஊன்றிப் படிப்பதில்லை என்று குறைப்படுகிறவர்கள் கவனிக்கவும். இந்த ஒரு மனுவை ஒரு புண்ணியவான் ஊன்றிப் படித்திருந்தார். படத்தையும் பார்த்திருந்தார்.

‘மனுதாரரே இணைத்துள்ள வான்வழிப் படத்தில், அவரால் வட்டமிடப்பட்ட இடத்தில் உயரமான நிரந்தரக் கட்டடம் உள்ளமை அதன் நிழலால் தெரியவருகிறது. எனவே மனுதாரர் வீடற்றவர் என்ற வரையறைக்குள் வராததால் மனு நிராகரிக்கப்படுகிறது.’

மந்திரமூர்த்தி தன்னிடமிருந்த நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கிடைக்குக் கிழக்கே, ஐந்து மணி வெயிலில், நான்கு மாடியின் நிழல் நீண்டு கிடந்தது. அச்செடுத்த அன்று அவர் நிழலைக் கவனிக்கவில்லை. வெள்ளைத்தாயின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதிலேயே குறியாக இருந்துவிட்டார். மதியம் பன்னிரண்டுக்கு வைத்திருந்தால் நிழல் கட்டடத்தின் காலடிக்குள் போயிருக்கும். வெறும் கிடையாகவே தெரிந்திருக்கும். அலுவலகத்துக்கு ஓடினார். அது விளையாட்டுப் படம் சார் என்றார். விளையாட்டுப் படத்தை அரசாங்க மனுவோடு இணைத்தது யார் என்று கேட்டார்கள். பட்டியல் போன வாரமே மேலே போய்விட்டது என்றும் சொன்னார்கள்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விவசாய நிலத்தில் அனுமதி இல்லாமல் நான்கு மாடி கட்டியதற்கு விளக்கம் கேட்டுச் செண்பகராஜுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அவர் நேராகக் கிடைக்கு வந்தார். வெள்ளைத்தாயை நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

“யக்கா, ஒங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்த வருசம் நம்ம காட்டுல கிடை வேண்டாம். இல்லாத வீட்ட இடிச்சுட்டுப் படம் எடுத்து அனுப்புங்காவ. நான் எத இடிப்பேன்?”

ஒருவர் சொன்னால் ஊரில் மற்றவர்களுக்கும் அதே யோசனை வரும். பத்து நாளில் கீழப்பொட்டலில் கிடை போட ஒரு காடும் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஊரில் இருந்ததற்கு ஆதாரம் தேடப் போய், இருந்த ஊரும் போயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் வெள்ளைத்தாய் கடைக்கு வந்தார். மந்திரமூர்த்தி எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்க நினைத்து, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம், அந்த வீட்டை இன்னொரு தரம் காட்டு என்றார் வெள்ளைத்தாய். இவர் தாழப் பறந்தார். ஜன்னல் உயரத்தில் கட்டடத்தைச் சுற்றி வந்தார்.

“கதவு எந்தப் பக்கம் இருக்கு?”

மந்திரமூர்த்தி நான்கு பக்கமும் சுற்றினார். ஜன்னல், ஜன்னல், ஜன்னல். இன்னொரு தரமும் சுற்றினார்.

“கதவு வைக்கல யக்கா.”

“அதான பாத்தேன்,” என்றார் வெள்ளைத்தாய். நிராகரித்த தாளையும் படத்தின் நகலையும் வாங்கி, மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார். அந்தத் தாள் எதற்கு என்று இவர் கேட்டதற்கு, அதில்தான் தனக்கு வீடு இருக்கிறதென்று சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று மந்திரமூர்த்தியால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பங்குனி மாதம் ஒரு காலையில் மையத்துக்கு ஒரு போன் வந்தது. கயத்தாறுக்கு மேற்கே ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் பேசினார். ரோட்டோரம் ஒரு பொம்பளை செத்துக் கிடக்கிறாள், வெயில்தான் போல, முப்பது ஆடு சுற்றி நிற்கிறது, பையில் உங்கள் கடை ரசீது இருந்தது என்றார். எந்த ஊர் என்று கேட்டார்.

“கீழப்பொட்டல்,” என்றார் மந்திரமூர்த்தி.

“பையில ஒரு படம் இருக்கு. வட்டம் போட்ட இடத்துல பெரிய கட்டடம்னு கூட இருக்கிற சர்க்கார் தாள் சொல்லுது. இவிய வீடா?”

“ஆமா சார்.”

“கதவு எண் சொல்லுங்க. எழுதணும்.”

 கதவு எண் கிடையாது, ஊர் பேரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றார் மந்திரமூர்த்தி. ஏட்டு நல்ல மனுசன். எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வெள்ளைத்தாயின் உடலோடு டெம்போ விலக்கில் வந்து நின்றது. அதன் நிழல் ரோட்டைத் தாண்டி, செண்பகராஜின் காடு வரைக்கும் நீண்டு கிடந்தது. ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். போலீஸ் தாளில் கீழப்பொட்டல் என்று எழுதியிருந்ததால், எந்த ஊர் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார்கள். சுடுகாட்டின் பேரை யாரும் எடுக்காததைப் பார்த்துவிட்டு, செண்பகராஜ் அரிவாளை எடுத்துக்கொண்டு, கொம்பையாவைப் புதைத்த ஓடைக்கரைப் பக்கம் நடந்தார். இரண்டு வருடத்தில் முள் மறுபடியும் வளர்ந்திருந்தது.