மறுபக்கத்து இறகு

2009இல், லண்டன் வில்வித்தைக் கழகத்தில் அம்பு முனையை ஒட்டப் பசை உருக்கினார்கள். அந்தக் கருகல் வாசனையில் என் ஊரான வன்னியும் பெரியப்பாவும் நினைவில் வந்து நின்றார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது, வேட்டை அம்புகளுக்குப் பிசின் உருக்க, அவர் என் பள்ளிக் கொப்பியின் தாள்களைக் கிழித்து எரித்தார்.

"பெட்டைக்கு ஏன் படிப்பு?" என்று சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான்.

ஓர் அம்பின் மூன்று இறகுகளும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வரவேண்டும்; இல்லாவிட்டால் அம்பு நேராகப் பறக்காது. கிட்டப் பார்வை மங்கிய அவருக்கு இறகு எடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஒவ்வோர் அம்புக்கும் மறுபக்கத்து இறகு ஒன்றைக் கலந்து கொடுத்தேன். ஊரே பார்க்க, அவர் எய்த அம்புகள் விலகிப் போயின; பன்றி தப்பியோடியது.

இப்போது லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் அவர் இன்றும் அந்தப் பன்றியை நினைத்துப் புலம்புகிறார்: "அண்டைக்குக் காத்து மாறிப்போச்சு, பிள்ளை."

"ஓம் பெரியப்பா, காத்துத்தான்."

என் கொப்பிக்காக அவர் வருந்தும்வரை அது காற்றாகவே இருக்கும்.