திரும்பி விழுந்த டானா

நான்கு மூங்கில், முப்பது தென்னங்கீற்று, ஒரு கைப்பம்பு. சோளிங்கரில் நான் சைக்கிள் கடை வைத்த அன்று என்னிடம் இருந்தது இவ்வளவுதான். படிப்பு இரண்டாங்கிளாஸ், அதிலும் பாதி நாள் மாடு ஓட்டப் போய்விட்டேன். இன்று அதே இடத்தில் ஓடு போட்ட கடை நிற்கிறது, வாடகைக்குப் பதினான்கு வண்டிகள் ஓடுகின்றன. சண்டைக்காலத்தில் டயருக்குப் பெர்மிட் கேட்டு ஊரே ஆபீஸ் வாசலில் நின்றபோது, கிழிந்த டயருக்குள் கயிற்றுப் புரியைத் திணித்து அத்தனை வண்டியையும் ஓட வைத்தவன் நான். இரும்பு கிடைக்காத நாளில் இடிந்த வீட்டு ஜன்னல் கம்பியை வாங்கி ஸ்டாண்டு செய்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக டபுள் கேரியர் செய்தேன். ஆர்.கே.பேட்டை நெசவாளிகள் பாவு சுற்றிய நீள மரத்தைத் தலையில் சுமந்து நடப்பதைப் பார்த்து, பின் கேரியரோடு பக்கவாட்டில் ஒரு கை வைத்தேன். சுமை இருந்தால் கை விரியும், இல்லாவிட்டால் மடங்கிக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருத்தணிக்குப் போய்வந்த கதைக்கு முன் இதையெல்லாம் ஏன் சொன்னேன் என்பது கடைசியில் விளங்கும்.

சண்டை முடிந்த மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருத்தணி மலையடிவாரத்துச் சத்திரத்தில் சைக்கிள்காரர்கள் கூடப் போவதாகக் கார்டு வந்திருந்தது. அவரவர் புது வண்டியையும் புதுச் சாமானையும் கொண்டுவந்து காட்டலாம். எந்தச் சாமான், யாருடையது, எங்கே செய்தது என்று கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். என் பெயர் அந்தப் பலகையில் ஏற வேண்டும் என்றுதான் கிளம்பினேன். கூடவே ஒரு சந்தேகமும் இருந்தது. புதுச் சாமானைக் காட்டு என்று கூப்பிடுகிறவன் சும்மா கூப்பிடுவானா? பார்த்துவிட்டுப் போய் அவன் செய்துகொண்டால்?

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். கேரியருக்கு அடிக்கும் முத்திரை அச்சைச் சீட்டுக்குக் கீழே தோல்பையில் வைத்துக்கொண்டேன். அதைக் கடையில் விட்டுவிட்டு நான் எங்கும் போவதில்லை. அச்சு இருந்தால் எவனும் என் முத்திரையை எந்த இரும்பிலும் அடித்துவிடலாம். திருத்தணிக்குப் பதினேழு மைல். பாதை பாதி சரளை, பாதி புழுதி. வழியில் இரண்டு மாட்டுவண்டிகள் எதிரே வந்தன. இரண்டு வண்டிக்காரர்களும் என் கேரியரையே பார்த்தார்கள். நான் வேகமாக மிதித்தேன்.

ஆறரை மணிக்குக் கே.ஜி.கண்டிகை. அங்கே டீக்கடையில் பாவா காத்திருந்தார். பாவா என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன் ரங்கய்யா, ஆர்.கே.பேட்டைக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர், இன்னும் வண்டி மிதிக்கிறார். இதுவரை நான் செய்த ஒன்பது டபுள் கேரியரில் மூன்றை அவர்தான் வாங்கிப் போனார். ஒன்று தனக்கு, இரண்டு நெசவுக்காரர்களுக்கு என்றார். யார் அந்த நெசவுக்காரர்கள் என்று கேட்டால் இன்றுவரை பெயர் வராது.

வண்டியை நிறுத்தி, பம்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பெல் மூடியைத் திருகி இடுப்பில் முடிந்துகொண்டேன். டீ ஓரணா. கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாங்க, பம்ப கையில புடிச்சிகினு போறீங்க? மலைக்குக் காத்து அடிக்கவா?"

"கீழ வெச்சா உங்க கடைக்குக் காத்து அடிக்கப் போயிடும்மா," என்றேன்.

அப்போதுதான் கவனித்தேன். பாவாவின் வண்டியில் கேரியர் இல்லை. போல்ட் இருந்த இடத்தில் வெறும் துளை.

"உங்க கேரியர் எங்க பாவா?"

"ஆங்... மழ வர்ற மாதிரி இருக்குதில்ல மாப்ள?"

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"மழய விடுங்க. கேரியரு?"

"ஒருத்தன் எரவலு கேட்டான், குடுத்துகிறேன். கெளம்பு கெளம்பு, வெயிலு ஏறிகினு வருது."

மழை வரும் என்றவர் அடுத்த வாயில் வெயில் என்கிறார். மீதி ஆறு மைலும் அவரை முன்னால் விட்டு, நான் பின்னாலேயே போனேன். மனிதன் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, எதையோ மறைக்கிறார்.

எட்டு மணிக்குத் திருத்தணி. சத்திரத்து முற்றத்தில் இருபது வண்டிகளுக்குக் குறையாது. கால் மணி கழித்துப் பட்டணத்து ரயில் வந்தது. சென்னையிலிருந்து ஏழெட்டுப் பேர், வண்டிகளைச் சாமான் போடும் பிரேக் வேனில் ஏற்றி, அதற்கும் தனியாக டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். சைக்கிள்காரர்கள் கூடும் இடத்துக்கு ரயிலில் வந்தவர்களை அன்றுதான் பார்த்தேன். சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

ஒன்பது மணிக்குக் காட்சி தொடங்கியது. நான் எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்புகிறவன் அல்ல. ஒருவர் டைனமோ விளக்கு காட்டினார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பகலிலேயே பளிச்சென்று எரிந்தது. உள்ளே பேட்டரி ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனேன். இல்லை, நிஜமான டைனமோதான். இன்னொருவர் மூன்று கியர் என்றார். சக்கரத்து ஹப்பைக் கழற்றிக் காட்டுங்கள் என்றேன், மாட்டேன் என்றார். கழற்றாத வரைக்கும் அது எனக்கு ஒரு கியர்தான். பின்னால் வருபவரைப் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்தது. பாவா எனக்குப் பின்னால் நிற்பது அதில்தான் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை அவர். பட்டணத்துக்காரர் ஒருவரின் வண்டியைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். புத்தம் புதிய பச்சை வண்டி. செயினுக்கு முழு மூடி. சீட்டுக்குப் பின்னால், என்னுடைய டபுள் கேரியர்.

திரும்பிப் பார்த்தால் பாவாவைக் காணோம்.

"உங்க கூட வந்தவரா? சாமி பாக்கணும்னு மலைப்படி ஏறப் போயிட்டாரு," என்றார் பக்கத்தில் நின்றவர். அரக்கோணம் ரயில்வே குமாஸ்தா, பெயர் ஜோசப்.

பச்சை வண்டிக்காரர் பெயர் சம்பந்தம். மூக்குக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. பலகையில் எழுதுகிற சாக்பீஸும் அவர் கையில்தான் இருந்தது. கேரியரின் கையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துக் காட்டினார்.

"பாருங்க, எப்படி மடங்குது! இந்த வேலை நம்ம ஆளுங்களுக்கு வருமா? இதோ மார்க். ஜே மார்க். ஜெர்மனி சாமான்."

பலகையிலும் எழுதிவிட்டார்: 'இரட்டைக் கேரியர் – சம்பந்தம், சென்னை – ஜெர்மனி.'

எனக்குக் காது சுட்டது. குனிந்து தொட்டேன்.

"பெரியவரே, தொடாதீங்க. பெயிண்டு புதுசு."

"பெயிண்டு உங்களுது சார். கேரியர் என்னுது. நான் செஞ்சது."

கூட்டம் சிரித்தது. ஜோசப் மட்டும் சிரிக்காமல் மார்க்கைப் பார்த்தார். "சம்பந்தம் சார், ஜே என் எழுத்து. ஜோசப்புக்குத்தான் ஜே. ஜெர்மனிக்கு ஜி."

"அப்ப ஜப்பான்," என்றார் சம்பந்தம், கொஞ்சமும் யோசிக்காமல்.

"ரெண்டு ஊரும் இடிஞ்சி கெடக்குது. இந்தக் கேரியரு மட்டும் எப்படிங்க முழுசா வந்துது?" என்றேன். "அந்தக் கீலப் பாருங்க. ஆணி போடற ஓட்ட சும்மா கெடக்குது. அது கதவுக் கீலு. சைக்கிளுக்கு எவனாவது கதவு போடுவானா? கீல் கெடைக்காத நாள்ல என் வூட்டு சமையக்கட்டுக் கதவுலேர்ந்து கழட்டிப் போட்டேன். இன்னிக்கும் எங்க வூட்டுல அந்தக் கதவு சாத்தாது."

இப்போது பாதிப் பேர் என் பக்கம் சிரித்தார்கள். சம்பந்தம் என் வண்டியைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். மார்க்கைப் பார்த்தார்.

"உங்க வண்டியிலயும் அதே ஜேதான் இருக்கு. நீங்களும் கடையில வாங்கினதுதானே? நீங்க செஞ்சதா இருந்தா உங்க பேர் எழுத்து இல்ல இருக்கணும்? உங்க பேர் என்ன?"

"முனுசாமி."

"ஜேக்கும் முனுசாமிக்கும் என்ன சம்பந்தம்?"

அச்சு இருந்த தோல்பையைத் தொட்டேன், திறக்கவில்லை. அந்த எழுத்தின் கதையை நான் எவரிடமும் சொன்னதில்லை. யார் கேட்டாலும் 'அது தொழில் ரகசியம்' என்று நாலு வருஷமாகச் சமாளித்து வந்தேன்.

இப்போது எழுதிவிடுகிறேன். என் பெயருக்கு 'மு' வெட்டத்தான் பார்த்தேன். அரத்தை வைத்து இரும்பில் 'மு' வெட்ட வளைவு வரவில்லை. டபுள் கேரியருக்கு 'ட' போதும், டானாவுக்கு இரண்டே கோடு என்று வெட்டினேன். இரண்டு நாள் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் முதல் அடி அடித்த பிறகுதான் கண் திறந்தது. அச்சில் நேராக வெட்டிய எழுத்து, இரும்பில் திரும்பி விழுந்தது. அச்சில் திருப்பி வெட்ட வேண்டுமாம். எழுத்தைப் பார்த்து எழுதத்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். திரும்பிய டானா இங்கிலீஷ்காரனுக்கு ஜே என்பது அன்று சம்பந்தம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இதைச் சொன்னால் கேரியர் என்னுடையதாகும். ஆனால் ஓர் எழுத்தைச் சரியாக வெட்டத் தெரியாதவன் என்பதும் அத்தனை பேர் முன்னால் என்னுடையதாகும். சம்பந்தம் அடுத்த வண்டிக்குப் போகத் திரும்பினார்.

பதினொன்றரை மணி இருக்கும். முற்றத்துக்குள் ஒரு புது மொட்டைத் தலை நுழைந்தது. தலை முழுக்க ஈரச் சந்தனம். பக்கத்தில் வந்த பிறகுதான் பாவா என்று தெரிந்தது.

"நான்தான் மாப்ள," என்றார். "என் கேரியர அரக்கோணத்துக் கடையில வித்துட்டேன். ஜெர்மனி சாமான்னு சொன்னதும் நான்தான்."

"எதுக்கு பாவா?"

"ஒன் பேரச் சொன்னா, சோளிங்கர் பட்டறை சாமானான்னு மூக்கச் சுளிச்சான். ஜெர்மனின்னேன், பேரம் பேசாம எடுத்துகினான். மத்த ரெண்டும் அப்டித்தான் போச்சி. முருகன்கிட்ட சொல்லி முடியக் குடுத்துட்டேன். ஒன்கிட்ட சொல்றதுதான் பாக்கி இருந்திச்சி."

காலையிலிருந்து நான் பட்ட சந்தேகம் அத்தனையும் சரி. ஆனால் அதில் எனக்கு ஒரு சுகமும் இல்லை. என் பெயரைச் சொன்னால் விற்காது என்று என் வீட்டு மனிதரே சொல்கிறார்.

தோல்பையிலிருந்து அச்சை எடுத்தேன். எழுத்தின் கதையை உரக்கச் சொன்னேன், இரண்டாங்கிளாஸ் படிப்பு உட்பட. சம்பந்தம் அச்சை வாங்கிப் பார்த்தார். "இதுல 'ட' நேராத்தானே இருக்கு? கேரியர்ல இருக்கறது வேற எழுத்து."

"அடிச்சாத்தான் திரும்புங்க. ஏதாவது மெத்துனு இருந்தா குடுங்க, காட்டறேன்."

சோப்பு இல்லை, களிமண் இல்லை. ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பாவா என் முன்னால் குனிந்தார்.

"என் தலையில போடு மாப்ள. சந்தனம் இன்னும் காயல."

பெரியவர் தலையில் கை வைக்க மனம் வரவில்லை. "போடுறா," என்று அதட்டினார். போட்டேன். உச்சியில், ஈரச் சந்தனத்தில், சுத்தமாக ஒரு ஜே விழுந்தது. ஜோசப் குனிந்து பார்த்துவிட்டு, "மேட் இன் சோளிங்கர்!" என்று கத்தினார். முற்றமே அதிர்ந்தது. என்னையும் மீறி எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று கியர்காரர் வந்து என் கையைக் குலுக்கினார். ஹப்பை மட்டும் அப்போதும் கழற்றவில்லை.

சம்பந்தம் நல்ல மனிதர்தான். பலகைக்குப் போய் 'ஜெர்மனி'யைத் துணியால் துடைத்தார். நான் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். துடைத்த இடத்தில் எழுதினார்: 'உள்ளூர்.'

"என் பேரு, சார்?"

"உள்ளூர்னா நீங்கதானே பெரியவரே? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே."

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் இலைக்குப் போனார்கள்.

மாலை நாலு மணிக்குத் திரும்பினோம். கே.ஜி.கண்டிகை வரை பாவா என் பக்கத்திலேயே மிதித்து வந்தார். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, எழுத்து மட்டும் உதிரவில்லை. டீக்கடை அம்மாள், "இன்னா பெரியவரே, தலையில நம்பரு போட்டுகினாங்களா?" என்று கேட்டாள். பாவா எனக்கும் சேர்த்து இரண்டணா வைத்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் பிரியும்போது, "அடுத்த கேரியர ஒன் பேருலதான் விப்பேன் மாப்ள," என்றார். பார்ப்போம்.

திருத்தணி மலைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படி. எங்கள் சோளிங்கர் மலைக்கு ஆயிரத்துக்கு மேல். எங்கள் ஊரில் டபுள் கேரியர் யார் செய்தது என்று எவரும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் கடை தெரியும். பதினேழு மைல் தாண்டினால் அதே சாமான் ஜெர்மனி, ஜப்பான், இல்லையென்றால் உள்ளூர். அச்சைத் திருத்தி வெட்டலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். வெட்ட மாட்டேன். திருத்தினால் பழைய ஒன்பதும் எனக்கு இல்லாமல் போகும்.

ஆகையால் சம்பந்தம் அவர்களுக்கும், அன்று முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். எந்த வண்டியிலாவது பக்கவாட்டில் மடங்கும் கை இருந்து, அதில் திரும்பிய டானா இருந்தால், அது சோளிங்கர் முனுசாமி செய்தது. அடுத்த தடவை பலகையில் அப்படியே எழுத வேண்டும். இடம் போதாவிட்டால் டைனமோவை அழித்துவிட்டு எழுதுங்கள். எனக்கு என் அப்பா முனுசாமி என்று பெயர் வைத்தார். உள்ளூர் என்று வைக்கவில்லை.