டீச்சருக்கு எதிராக ஒரு மன்றாட்டு

ஏலக்காய் மணம் வந்தால் மற்றவர்களுக்குப் பாயசம் நினைவுக்கு வருமாம். எனக்கு வருவது எரிச்சல்தான். பூச்சிமருந்து நெடியும் நனைந்த சாக்கின் வீச்சமும் கலந்த அந்த மணம், என் சிறுவயதில், மாலை ஆறு மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கும் அம்மாவின் மேலிருந்து வரும். கம்பத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் எங்கள் ஊர். விடியலில் கூலியாட்களைத் திணித்துக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளில் ஒன்றுதான், நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், வளைவில் புரண்டு என் அப்பாவை இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவராக்கியது. அப்பா கட்டிலில் விழுந்த மூன்றாம் மாதம், அதே மலைக்கு அதே மாதிரி ஒரு ஜீப்பில் அம்மா போகத் தொடங்கினாள்.

தினமும் தூக்கி உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகி ஆள் தங்கமாட்டார் என்று தேனி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு மூட்டை தூக்கியே வளர்ந்த உடம்பு. கால் செத்த பிறகும் கனம் குறையவில்லை. அம்மா அப்பாவின் தோளுயரம்தான்.

எங்கள் தெருவின் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து "அன்பியம்" என்பார்கள். வியாழக்கிழமை மாலைதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வது அதன் வேலை. அப்பா விழுந்த பிறகு கூட்டம் எங்கள் வீட்டிலேயே நிலைகொண்டுவிட்டது. தலைவி ஞானம்மா டீச்சர். தினம் மாலை இரண்டு ஆண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று முறை வைத்ததும் அந்த டீச்சர்தான். அதை மறைத்தால் பாவம் என்பதால் எழுதுகிறேன். மற்றபடி அந்த அம்மாளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஜெபமாலை முடிந்ததும் "மன்றாட்டு" வரும். யார் வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு, மேடைத் தமிழில் ஒரு வேண்டுதல் சொல்லி, "என ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்று முடித்தால், எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சேர்ந்து சொல்ல வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததையெல்லாம் இதற்குள் வைத்துச் சொல்வார்கள். கோழியைப் பறிகொடுத்தவர், பக்கத்து வீட்டாரின் மனமாற்றத்துக்காக மன்றாடுவார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டார், வீண்பழி சுமத்தும் நாவுகள் அடங்க வேண்டுமென்று மன்றாடுவார். இரண்டு தரப்புக்கும் எல்லோரும் ஒரே குரலில் "கேட்டருளும்" போடுவார்கள். கடவுளை நடுவில் உட்காரவைத்து நடக்கும் குழாயடிச் சண்டை அது.

டீச்சருக்கு எங்கள் வீட்டில் கிடைத்த சாக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா போன ஜீப் புரண்டது ஒரு ஞாயிறு. பூசைக்குப் போகாமல் லோடு ஏற்றப் போன நாள். ஆகவே வியாழன்தோறும், கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, "ஓய்வுநாளை மறந்து உழைப்பின் பின்னே ஓடிய இக்குடும்பம் மனந்திரும்பவும், விசுவாசக் குறைவால் எழ முடியாதிருக்கும் உம் மகன் எழுந்து நடக்கவும்" என்று இழுப்பார். நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கும் அப்பா, தனக்கு எதிரான மன்றாட்டுக்குத் தானும் "கேட்டருளும்" சொல்வார். அம்மாவும் சொல்வாள். ஞாயிறு போகாவிட்டால் வேலை இல்லை என்று கங்காணி சொன்னது இந்த அம்மாளுக்குத் தெரியாதா? விசுவாசம் குறைவென்றால், நாலு மணிக்கு எழுந்து முழந்தாளில் நிற்கிறாளே என் அம்மா, அது என்னவாம்?

ஒரு வியாழக்கிழமை டீச்சர் முடித்து, கூட்டம் "கேட்டருளும்" சொல்லி அடங்கிய இடைவெளியில், நான் கண்ணை மூடிக்கொண்டு அவரைப் போலவே இழுத்துச் சொன்னேன்: "ஞானம்மா டீச்சர் இனிமேல் எங்கள் வீட்டுப் படியை மிதிக்காதிருக்க வேண்டும் என ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பழக்கம் பொல்லாதது. பதினெட்டுப் பேரும் ஒரே மூச்சில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அதில் டீச்சரின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. பிறகுதான் ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது.

டீச்சர் ஜெபப்புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். "ஆண்டவர் கேட்டுட்டாரு. வாங்க போவோம்" என்று எழுந்தார். பின்னாலேயே பெண்கள் எழுந்தார்கள், ஆண்களும் எழுந்தார்கள். அப்பா நாற்காலியிலேயே இருந்தார். அவரைப் படுக்கவைக்க வேண்டிய இரண்டு பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டார்கள்.

அம்மா என்னை அறைந்தாள். அப்பா சிரித்தார். "ஏத்தா, டீச்சர வெரட்டிட்ட சரி, என்னைய யாரு கட்டில்ல போடுவா?"

மறுநாள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் டீச்சர் காலில் விழவைத்தாள். "நான் அப்பவே மன்னிச்சுட்டேன், மரியபுஷ்பம். ஆனா சபைக்கு முன்னால சொன்ன சொல்லு, திருப்பி எடுக்க முடியாதுல்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார். டீச்சரின் முகத்துக்கு அஞ்சி, முறைக்காரர்களும் அதோடு நின்றார்கள். பதினோரு வயதுப் பெண்பிள்ளை துடுக்காகப் பேசியதற்காக நடக்க முடியாத ஒரு மனிதரைக் கைவிட்டார்களே, அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஜெபம் எத்தனை மணிநேரம் செய்தால் என்ன?

அன்றிலிருந்து அம்மாதான் தூக்கினாள். மலையிலிருந்து இறங்கி, கைகால் கழுவி, சேலையை இழுத்துச் செருகி, அப்பாவின் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுப்பாள். நான் கால்களைப் பிடிப்பேன். "சேசுவே, இந்த ஒரு தடவ" என்பாள். தூக்கிவிடுவாள். படுக்கவைக்கும்போதும் அதே வார்த்தைதான். அப்பா எழுந்து நடக்க வேண்டுமென்று அவள் கேட்டதே இல்லை.

"தெனமும் இந்த ஒரு தடவன்னே கேட்டா அவருக்கே சலிச்சுப் போகாதாம்மா?" என்று ஒருநாள் வெடுக்கென்று கேட்டேன்.

"நாளைக்குள்ளத நாளைக்குக் கேட்டுக்கிருவோம். நீ கால ஒழுங்காப் பிடி" என்றாள்.

எனக்கு அந்த ஆண்டவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாரத்தை இறக்கிவைக்க மாட்டாராம், தூக்குவதற்கு மட்டும் தெம்பு கொடுப்பாராம்; அதையும் ஒரு நாளைக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க மாட்டாராம். அம்மா அதை இரக்கம் என்றாள். நான் கஞ்சத்தனம் என்றேன். ஏழு வருஷம் இப்படியே போனது. ஒரு மழைக்காலக் காய்ச்சலில் அப்பா போனபோது, குளிப்பாட்டிய ஆண்கள் வெளியே வந்து, "முதுகுல ஒரு புண்ணு இல்லப்பா, பச்சப்பிள்ள மாதிரி வச்சிருந்திருக்காக" என்று வியந்து பேசிக்கொண்டார்கள். அவர்களில் இருவர் பழைய முறைக்காரர்கள்.

இப்போது அன்பியம் போனில் நடக்கிறது. மன்றாட்டைக் குரல்பதிவாக அனுப்புகிறார்கள். கூப்பிய கைப் படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. வீடு தேடி வந்து சண்டை போடுவாரும் இல்லை, ஆளைத் தூக்குவாரும் இல்லை. டீச்சர் போன வருஷம் காலமானார். அம்மா போய்க் கடைசிவரை இருந்து மண் போட்டுவிட்டு வந்தாள், நான் போகவில்லை.

போன மாதம் அம்மாவின் முதுகு நிமிரவே மறுத்ததால் தேனியில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "என்ன வேலைம்மா பாத்தீங்க? பாரம் தூக்குனீங்களா?" என்றார்.

"இல்ல சார். ஏலக்கா எடுக்கப் போனேன். கையால கிள்ளுற வேலைதேன்."

வெளியே வந்ததும் எரிந்து விழுந்தேன். "அப்பாவ ஏழு வருசம் தூக்குனதச் சொல்ல வேண்டியதுதானம்மா?"

பேருந்து வருகிறதா என்று பார்த்தபடி அம்மா சொன்னாள்: "அது வேலையாடீ?"