எலுமிச்சைப் புழு

கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியின் சமையல்கட்டில் எனக்கு வேலை. வீடு கீழே பண்ணைக்காட்டில். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்கி வருவேன். வந்த களைப்பில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ஞாயிறு போவது தெரியாது. அதனால் வீட்டுக்குப் பின்னால் என் மனைவி போட்ட தோட்டத்தை வெகுகாலம் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பச்சையாக ஏதோ இருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான்.

அவளுடைய பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் இங்கேயே பிறந்தவள்தான். ஆனாலும் அம்மாவின் பேச்சு அவளிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலுமிச்சங்காய் அவளுக்குத் தேசிக்காய், ஆரஞ்சு தோடம்பழம். கல்யாணமான புதிதில் அவள் தேசிக்காய் வாங்கி வரச் சொல்ல, நானும் கடையில் அப்படியே கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தேங்காயை எடுத்துக் கொடுத்தார்.

துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சை, வேலியோரம் ஒரு நாரத்தை, மேட்டில் இரண்டு கமலா ஆரஞ்சு. இதுதான் அவள் தோட்டம். துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாய்க்காலாக வெட்டி மரங்களுக்குப் போகும். கமலா வைத்தபோது ஊரில் பலரும் வேண்டாம் என்றார்கள். ஒரு காலத்தில் இந்த மலைச்சரிவெல்லாம் கமலாவாக இருந்ததாம். நோய் விழுந்து மரங்கள் பட்டுப்போக, எல்லாரும் காப்பிக்கும் மிளகுக்கும் மாறிவிட்டார்கள். "வராத மரத்தை எதுக்குப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?" என்று நானும் ஒருமுறை கேட்டேன். "திங்க ஆசையா இருக்கு" என்றாள்.

கொரோனா அடங்கிப் பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்த வருஷம், மழை தொடங்கிய சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. விடுதியிலேயே ஒரு தனி அறையில் கிடந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, உடம்பு வலியோடு போய்விட்டது. எழுந்து குளித்துவிட்டு அடுப்படிக்குப் போனபோது ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. மழைநாளில் காது அடைத்துக்கொண்டால் எல்லாம் தூரத்தில் நடப்பது போல இருக்குமே, அப்படி இருந்தது.

அன்று காலையில் அடுப்பில் உலையை ஏற்றி, பொங்கலுக்கு அரிசியைக் களைந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையலுக்கு உதவியாக இருக்கும் அக்கா, மேல்மலையில் கிளாவரை ஊர்ப் பக்கத்துக்காரர், சாமான் அறையிலிருந்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் சிலிண்டரைத் திருகி மூடி, ஜன்னல்களை எல்லாம் திறந்தார்.

"மாஸ்டர், அடுப்பு அணைஞ்சு கேஸு போயிக்கிட்டு கெடக்கு. அங்கன வரைக்கும் நாறுது. பக்கத்துல நிக்கிற உங்களுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த இஞ்சியை மூக்கில் வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்தேன். காற்றை மோப்பதுபோல் இருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

விடுதி வார்டன் நல்ல மனுஷி. என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "மாஸ்டர், இது உங்க தப்பு இல்ல. ஆனா நூறு பிள்ளைங்க தூங்குற பில்டிங். நான் ரிஸ்க் எடுக்க முடியாது. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. உங்க இடம் உங்களுக்குத்தான்."

அவர் சொன்னது நியாயம். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இருபது வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. வெங்காயம் எப்போது வதங்கியது, பருப்பு எப்போது வெந்தது, பால் எப்போது பொங்கப் போகிறது என்று எல்லாவற்றையும் எனக்குச் சொன்னது மூக்குதான். நாக்குக்குக் கூட இரண்டாவது இடம்தான்.

வீட்டில் சாப்பாடு நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. உப்பு, உறைப்பு, புளிப்பு தெரியும். அதைத் தாண்டி எதுவும் கிடையாது. மனைவி எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வீதியில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் இரண்டு வாயோடு எழுந்துவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் மதுரையில் நர்ஸ். அவள்தான் போன் செய்து வழி சொன்னாள்.

"அப்பா, காது மூக்கு டாக்டர்ட்ட கேட்டேன். நெறையப் பேருக்கு இப்படி ஆகியிருக்காம். காலையிலயும் சாயங்காலமும் நாலு சாமானை மோந்து பாருங்க. மோந்துக்கிட்டே, அது முன்னாடி எப்படி மணந்துச்சுன்னு நெனைச்சுப் பாருங்க. மெதுவாத்தான் வரும். பாதியில விட்டுறாதீங்க."

மனைவி பாட்டில் மூடிகள் நான்கை எடுத்து வந்து ஒன்றில் எலுமிச்சை இலையைக் கசக்கிப் போட்டாள். ஒன்றில் காப்பித்தூள், மற்ற இரண்டில் கிராம்பும் ஏலக்காயும். காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகுமுன் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்டுவாள்.

"வருதா?"

"இல்ல."

"சரி, நாளைக்குப் பாப்பம்."

தினமும் இதே பேச்சுதான். சில நாட்கள் அவளுக்காகவாவது வருகிறது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றும்.

அது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவாள். ஒருநாள் கிளம்பும்போது, "மேட்டு மரத்துல பிசின் வடியுது. வெளிச்சத்தோட வீட்டுக்கு வர முடியல எனக்கு. நீங்க என்னான்னு பாக்கிறீங்களா?" என்று கேட்டாள். சும்மா இருக்கிறீர்களே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

போய்ப் பார்த்தேன். கமலா இரண்டிலுமே அடிமரத்தில் தேன் நிறத்தில் பிசின் கட்டியிருந்தது. ஒன்றில் கொஞ்சம், மற்றதில் பட்டை சுற்றிலும் கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் பொதபொதவென்று உள்ளே போனது. தூரைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்திருந்தாள். மழைத்தண்ணீர் அங்கேயே நின்று ஊறியிருக்கிறது. மண்ணை விலக்கி, தண்ணீர் வடிய வழி வெட்டினேன். காய் நறுக்கும் சின்னக் கத்தியால் கறுத்த பட்டையை, பச்சை தெரியும்வரை சுரண்டினேன். உரக்கடையில் சொன்னபடி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்தபோது நல்ல நீலக் குழம்பாக வந்தது. அதன் பதம் மட்டும் எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது. தோசை மாவு பதம். சுரண்டிய இடமெல்லாம் பூசினேன்.

அன்று வெகுநாள் கழித்து அசந்து தூங்கினேன். மறுநாளிலிருந்து அவள் கேட்காமலேயே தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். காய்ந்த குச்சிகளை ஒடித்தேன். நாரத்தையின் அடியிலிருந்து முட்களோடு கிளம்பிய வீண்கிளைகளை வெட்டினேன். இத்தனை வருஷமாக வீட்டுக்குப் பின்னால் நின்ற மரங்களில் எந்த இலை யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. நாரத்தை இலையின் காம்பில் இன்னொரு குட்டி இலை ஒட்டியிருப்பதுபோல் இருக்கும். எலுமிச்சையில் அது இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

தை பிறந்த சமயம் எலுமிச்சை துளிர்விட்டிருந்தது. இளம் கொழுந்துகளை ஏதோ கடித்துக் கடித்துக் காம்பை மட்டும் விட்டிருந்தது. கிட்டப் போய்த் தேடினால் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாகச் சில கிடந்தன. எச்சம் என்றே நினைத்து விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் அவற்றில் ஒன்று நகர்ந்தது. பிறகு பார்த்தால் மரம் முழுக்கப் புழு. பெரியவை இலைப்பச்சையில், சுண்டுவிரல் பருமனில் இருந்தன.

ஒரு பழைய டப்பாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஒரு பெரிய பச்சைப் புழுவை விரலால் தட்டியபோது அது தலையைத் தூக்கியது. தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவந்த கொம்புகள் ஈரமாக நீண்டன. பயமுறுத்துகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் நன்றாகப் பார்க்கலாமென்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.

சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

கெட்டுப்போன வெண்ணெயும் அழுகிய எலுமிச்சம்பழமும் கலந்த ஒரு நாற்றம். மூக்கில் குத்தியது. அது என்னவென்று உறைப்பதற்குள் போயும்விட்டது. மறுபடி தட்டினேன். மறுபடி கொம்பு வந்தது, மறுபடி நாற்றம். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, ஆள் இல்லாத தோட்டத்தில், அதை ஒரு மூச்சு முழுக்க இழுத்தேன்.

அந்தக் கொப்பை அப்படியே ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் காப்பித் தோட்டத்துக்கு ஓடினேன். ஆறேழு பெண்கள் வரிசையாகப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரும் கோலத்தைப் பார்த்து மனைவி இடுப்புக்கூடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தாள்.

"என்னாங்க? பிள்ளைக்கு என்னாச்சு?"

"நாறுது!"

"என்னா?"

"நாறுதுடி! இந்தா, மோந்து பாரு. சரியான நாத்தம்!"

கொப்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டிப் புழுவைத் தட்டினேன். "சீ, தூரப் போடுங்க!" என்று தள்ளிவிட்டாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தாள், புழுவைப் பார்த்தாள். காப்பிச் செடிக்குக் கீழே, சருகில், அப்படியே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் அவள் ஒரு தடவைகூட என் எதிரில் அழுததில்லை. மற்றப் பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏண்ணே, புழுவைக் காட்டியா பொம்பளையை அழ வைப்பாக?" என்று ஒருத்தி என்னைத் திட்டினாள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றால் நன்றாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் வாசனைகள் வந்தன, ஆனால் முகம் மாறி வந்தன. வெங்காயம் வதக்கினால் ரப்பர் எரிவதுபோல் இருந்தது. காப்பி, சாக்கடை. முட்டையின் பக்கமே போக முடியவில்லை. ஒன்றுமே தெரியாமல் இருந்ததைவிட இது கொடுமையாக இருந்தது. இதுவும் குணமாகிற வழியில் வருவதுதான் என்று மகள் சொன்னாள். மாறாமல் வந்தது எலுமிச்சையும் நாரத்தையும் மட்டும். இலையைக் கசக்கினால் பழைய மணம் அப்படியே இருக்கும்.

என் மனைவி வீட்டில் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். காப்பி போடுவதையும் நிறுத்தினாள். தயிர்சோறு, நாரத்தங்காய் ஊறுகாய், எலுமிச்சஞ்சோறு, கஞ்சி. எனக்கு மட்டுமில்லை, அவளும் அதையேதான் சாப்பிட்டாள். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துவிட்டு வந்து வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தாள். "உனக்காவது ஒரு வாய் காப்பி போட்டுக்கம்மா" என்றால், "எனக்கு ஒண்ணும் ஆசையா இல்லீங்க" என்பாள். சாயங்காலமானால் அவளுக்குத் தலைவலி வரும் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள்.

கோடை விடுமுறை முடிந்ததும் வார்டன் கூப்பிட்டு அனுப்பினார். பாதிதான் தேறியிருக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். "இனிமே மோந்து பாக்குறது உங்க டிபார்ட்மென்ட்" என்றார். கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்றையும் சுவரில் மாட்டினார்கள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து சமைக்கிறோம். நான் தாளிப்பேன், அக்கா தள்ளி நின்று, "இன்னும் கொஞ்சம்... இப்ப எறக்குங்க வெரசா" என்பார். ஒருநாள் ரசம் கொதித்தபோது அவர் வாய் திறக்கும் முன் நானே இறக்கிவிட்டேன். பூண்டு வாசம் வந்திருந்தது. அக்கா கரண்டியை வைத்துவிட்டு வார்டனிடம் சொல்லப் போனார்.

மேட்டிலிருந்த கமலாவில் ஒன்று பிழைக்கவில்லை. நீலக் குழம்பு பூசியும் இலை மஞ்சளாகி, கொப்புக் கொப்பாகக் காய்ந்து வந்தது. வெட்டிவிடலாம் என்று மனைவியே சொன்னாள். வெட்டும்போது வீட்டுக்குள் போய்விட்டாள். மற்ற மரம் தேறியது. இந்த வருஷம் முதன்முதலாக அதில் கண்ணுக்கு நிறைந்த காய்ப்பு. பாதிக்குமேல் குரங்குகள் கொண்டுபோயின. மீந்த பழங்களை மகள் லீவில் வந்தபோது பறித்தோம். தோல் தளர்ந்து, கைபட்டதும் உரிந்துவரும் பழம். மனைவி முதல் சுளையை வாயில் போட்டுவிட்டு விதையைத் துப்பக்கூட மறந்து மென்றுகொண்டிருந்தாள். "எப்படி இருக்கு?" என்றேன். கையை மட்டும் ஆட்டினாள், பேசாதீர்கள் என்பதுபோல.

எனக்கு இன்னும் மல்லிகை தெரிவதில்லை. காப்பி பரவாயில்லை, குடித்துவிடலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. வீட்டில் காப்பிக்குப் பால்பாத்திரம் மறுபடி இரண்டு வேளையும் அடுப்பேறுகிறது.

மகள் மதுரைக்குக் கிளம்பியபோது ஒரு பை நிறையப் பழம் கட்டிக் கொடுத்தோம். பஸ் புறப்படும் முன் ஒன்றை உரித்துத் தோலை ஜன்னல் வழியாக நீட்டினாள். "அப்பா, பஸ்ஸு முழுக்க மணக்குது, மோந்து பாருங்க" என்றாள். அதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் நின்ற இடத்துக்குப் புகைதான் வந்தது. சரியான டீசல் வாடை. டீசல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. பஸ் வளைவில் திரும்பும்வரை அங்கேயே நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன்.