குக்கீயும் என் காதும்

முதலில் கவனித்தது என் மனைவிதான். செண்பகனூர் வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அன்றைக்கு மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. மழையப் பாக்கப் போனா காது மிஷினா வருது. நேத்து சமையல் குறிப்பு பாத்தேன், அதுலயும் இதே மிஷின்தான்."

திரையின் ஓரத்தில் நரைத்த தலை மனிதர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்குப் பின்னால் மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கருவி இருந்தது.

"விளம்பரம்தானே. எல்லாருக்கும் அப்படித்தான் வரும்" என்றேன்.

அவள் ஏதோ பதில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் நான் சரித்திர வாத்தியார். ஒரு வருடமாகவே காது மந்தமாகிக்கொண்டு வந்தது. பின் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து பதில் சொன்னால் உதடு அசைவது தெரியும், சொல் வந்து சேராது. "சரி, உட்காரு" என்று சொல்லிவிடுவேன். சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவுக்கும் ஐம்பதைத் தாண்டியதும் காது போனது. அதன்பின் வீட்டில் எல்லாம் அவரைக் கேட்காமலே நடந்தது. அவரிடம் கேட்ட கேள்விக்கு நாங்களே பதில் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அவர் ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியில் நானும் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே பயமாக இருந்தது. அதனால்தான் மனைவி மாடியில் வேலையாக இருந்த நேரங்களில் கம்ப்யூட்டரில் ரகசியமாகக் காது மிஷினைத் தேடினேன். ஒவ்வொரு தளமும் உள்ளே விடும் முன்பு குக்கீ என்று ஏதோ கேட்டது. படிக்காமலே 'சம்மதம்' என்பதை அமுக்கி அமுக்கிப் போனேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெள்ளென எழுந்து, அவள் உட்காரும் முன் நான் போய் கம்ப்யூட்டரைத் திறப்பேன். தேடிய ஹிஸ்டரியை ஒரு வரி விடாமல் அழித்தேன். அப்படியும் செய்திப் பக்கத்தில் அந்த நரைத்த தலைக்காரர் வந்து சிரித்தார். வகுப்பில் பாடம் நடத்தும்போதும், இப்போது அவள் திரையில் என்ன பார்த்துக்கொண்டிருப்பாளோ என்றே மனம் அலைந்தது.

கடைசியில் கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேட்டேன், காரணத்தைச் சொல்லாமல். ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே விளக்கினார்.

"ஹிஸ்டரிங்கிறது நீங்க எழுதி வச்சுக்கிற நோட்டு சார். குக்கீங்கிறது நீங்க போற சைட்டு உங்க கம்ப்யூட்டர்ல போட்டுட்டுப் போற சின்னச் சீட்டு. நோட்டக் கிழிச்சாலும் சீட்டு அங்கேயேதான் கெடக்கும். அதுல ரெண்டு வகை இருக்கு. நீங்க போன சைட்டே போடுறது ஒண்ணு. அந்தப் பக்கத்துல இடம் பிடிச்சிருக்கிற விளம்பரக்காரன் போடுறது இன்னொண்ணு. அவன்தான் உங்க பின்னாலேயே வர்றான்."

அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று இறங்கியது. டீச்சர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக 'எல்லாத்தையும் அழிச்சிடுங்க' என்று என் காதில் விழுந்தது. அவர் சொன்னது 'எல்லாத்தையும் அழிச்சிடாதீங்க' என்பதாம். அது பின்னால்தான் தெரிந்தது. நான் வழக்கம்போல் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் மனைவி காய் வாங்கப் போயிருந்தாள். செட்டிங்க்ஸைத் திறந்தேன். என் வாழ்நாளில் போகாத தளங்களின் பெயர்களெல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழித்தேன். செய்திப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். பிரஷர் குக்கர் விளம்பரம் வந்தது. பல நாள் கழித்து நிம்மதியாக ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

அவள் வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மெயில் தொறக்கலையே. பாஸ்வேர்டு கேக்குது."

மாடி அறைகள் இரண்டை அவள் டூரிஸ்டுகளுக்கு விடுகிறாள். அந்த மெயில் வருடக்கணக்காகத் திறந்தே கிடந்தது. அதற்குப் பாஸ்வேர்டு உண்டு என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. மறுநாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. எத்தனை பேர், எந்நேரம் வருகிறார்கள் என்பதெல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது. அவள் மெயிலைத் திறந்தே வைத்திருந்ததும் அப்படி ஒரு குக்கீதான் என்பதும், அதையும் சேர்த்து அழித்துவிட்டேன் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வெரசா ஏதாச்சும் செய்யுங்க" என்றாள். அவளுக்கு முகம் சிவந்திருந்தது.

கணக்கை மீட்க ஒரு எண் அனுப்புவதாகத் திரை சொன்னது. அது என் போனுக்கு வரவேண்டும். நான்தான் அந்தக் காலத்தில் அப்படி வைத்தேன். மெசேஜ் வரவில்லை. அழைத்துச் சொல்லவா என்று கேட்டது. சரி என்றேன். போன் அடித்தது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஆறு இலக்கங்களைச் சொன்னது. எழுதினேன். தப்பு என்றது திரை. மறுபடி அழைப்பு, மறுபடி தப்பு. ஃபைவா நைனா என்று எனக்குப் பிரியவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் முறை போன் அடித்ததும் அவள் என் கையிலிருந்து அதை வாங்கித் தன் காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே எழுதினாள். மெயில் திறந்தது.

அவள் மெயிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இவ்வளவு தெளிவா சொல்றாளே. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்று தலையசைத்தேன்.

"அப்ப அந்த மிஷினு உங்களுக்கா? தேடுறதுதான் விளம்பரமா வரும்னு எனக்கும் தெரியும். எனக்குத்தான் காது போயிருச்சுன்னு நெனச்சு நீங்க தேடுறதா நெனச்சேன். ஒரு வாரமா அடுப்படியில நின்னு எனக்கு என்னென்ன கேக்குதுன்னு நானே சோதிச்சுக்கிட்டுக் கெடக்கேன். குக்கர் விசில் கேக்குதா, பக்கத்து வீட்டு ரேடியோ கேக்குதான்னு…"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று புரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"அப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு பயந்தேன்" என்றேன்.

"ஒங்க அப்பாகிட்ட யாரும் சத்தமாச் சொல்லல. நான் சொல்லுவேன்" என்றாள், நிஜமாகவே சத்தமாக.

அடுத்த வாரம் இருவரும் மதுரைக்கு இறங்கிப்போய் டாக்டரைப் பார்த்தோம். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்றார். வாங்கிப் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டர் டீச்சரிடம் திரும்பப் போய், இம்முறை காரணத்தையும் சொல்லி, முழுக்கக் கேட்டுக்கொண்டேன். பின்தொடரும் விளம்பரக்காரர்களின் குக்கீகளை மட்டும் தடுத்து வைத்தேன். அவளுடைய மெயிலில் கை வைக்கவில்லை. இப்போதெல்லாம் சம்மதம் கேட்கும் பெட்டி வந்தால் படித்துப் பார்த்து, வேண்டியதற்கு மட்டும் சம்மதம் கொடுக்கிறேன்.

கருவி போட்டுக்கொண்டு போன முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட்டேன், எனக்குக் காது மந்தம், கேட்காவிட்டால் திரும்பக் கேட்பேன் என்று. பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவி இன்னும் எனக்குப் பழகவில்லை. சாக்பீஸ் கீச்சிடுவதும் பெஞ்சு நகர்வதும் பஸ்ஸின் ஹாரனும் எல்லாம் ஒன்றாக வந்து மோதுகின்றன. நான்கு மணிக்குக் கழற்றி எறியலாம் போலிருக்கும். ஆனால் நேற்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் தப்பான பதில் சொன்னாள். தப்பு என்று எனக்கே தெரிந்தது. அவளோடு அரை மணி நேரம் வாதாடினேன்.